சீலிங் வெடிப்பு: பூசுவதற்கு முன்னால் மேலே பாருங்கள்

தீபாவளிக்கு இன்னும் ஆறு வாரம்தான். சுங்கை சிப்புட் ஹார்ட்வேர் கடைகளில் பெயிண்ட் டின்களை வாசல்வரை அடுக்கிவிட்டார்கள். எனக்கு வந்த கடிதங்களிலும் பாதிக்கு மேல் சீலிங் வெடிப்பு பற்றியவை. அதனால் குழாய், பூட்டு, கழிவறைக் கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு இந்த மாதம் சீலிங்கை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். தோட்டத்து லயன் வீடுகளிலிருந்து புதுத் தாமான் வீடுகள்வரை பல வருடம் சீலிங் வேலை செய்தவன் என்ற முறையில் எழுதுகிறேன், கையில் பட்டதைத்தான் சொல்கிறேன்.

கேள்வி: அண்ணே, எங்கள் ஹாலில் பிளாஸ்டர் சீலிங். வாசலிலிருந்து சாமி மேடைவரை ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மாதிரி ஒரே நேராக வெடித்திருக்கிறது. மூன்று தீபாவளியாக என் வீட்டுக்காரர் புட்டி வைத்துப் பெயிண்ட் அடிக்கிறார், பொங்கலுக்குள் அதே இடத்தில் திரும்ப வந்துவிடுகிறது. ரோட்டில் போகிற செம்பனைக் குலை லோரிகளால்தான் என்கிறார். உண்மையா? (இல்லத்தரசி, சுங்கை சிப்புட்)

பதில்: ஏற்கெனவே பிடிப்பு விட்டுப்போன இடத்தை லோரி கொஞ்சம் ஆட்டிவிடலாம் தங்கச்சி, ஆனால் வெடிப்புக்குக் காரணம் லோரி இல்லை. ஸ்கேல் வைத்த மாதிரி நேராக இருக்கிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள், அதிலேயே பதில் இருக்கிறது. பிளாஸ்டர் சீலிங் ஒரே துண்டு கிடையாது. 4 அடிக்கு 8 அடி பலகைகளை ஒட்டி ஒட்டி வைத்துச் சட்டத்தில் ஸ்குரூ அடித்து, இடைவெளியில் டேப் ஒட்டி, மேலே பூசி மறைத்திருப்பார்கள். நீங்கள் பார்க்கிற கோடு அந்த இணைப்பு. டேப்பே ஒட்டாமல் வெறும் புட்டியால் மூடியிருந்தாலும், ஒட்டிய டேப் கழன்றிருந்தாலும், ஸ்குரூ தளர்ந்து ஒரு பலகை லேசாக இறங்கியிருந்தாலும் அந்த இடம் திறந்துகொள்ளும்.

நம் ஊர் வெயிலும் மழையும் தினமும் அந்த இணைப்பை இழுத்துப் பார்க்கின்றன. மதியம் கூரைக்கடியில் கை வைக்க முடியாத சூடு, நாலு மணிக்குக் கொட்டுகிற மழை, அப்புறம் குளிர்ச்சி. 10 மீட்டர் நீளமுள்ள இரும்புச் சட்டம் 20 டிகிரி சூடேறினால் சுமார் 2.4 மி.மீ. நீளும், குளிர்ந்ததும் திரும்பச் சுருங்கும். மரச்சட்டமாக இருந்தால் ஈரத்துக்கு ஊதி, காய்ந்தால் சுருங்கும். காய்ந்து கல்லான புட்டிக்கு அந்த மாதிரி நீளவும் சுருங்கவும் முடியாது, அது பிளந்துவிடுகிறது. வீட்டுக்காரர் மூன்று வருடமாகப் புட்டி வைத்தும் நிற்காததற்குக் காரணம் இதுதான், அவர் கைவேலையில் குறை சொல்ல மாட்டேன்.

சரி, என்ன செய்வது? முதலில் ஏணியை எடுக்காதீர்கள், விளக்குமாற்றை எடுங்கள். அதன் கம்பு நுனியில் துணி சுற்றி, வெடிப்புக்கு இரண்டு பக்கமும் மெதுவாக மேலே அழுத்திப் பாருங்கள். பலகை அசைந்தால் ஸ்குரூ பிடிக்கவில்லை. அப்புறம் ஒருநாள் காலை 9 மணிக்குள், வெயில் ஏறுவதற்கு முன்னால், சீலிங்கில் ஏறுவதற்கு விட்டிருக்கிற சதுர ஓட்டை வழியாகத் தலையை மட்டும் நீட்டி டார்ச் அடித்துப் பாருங்கள். மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுத்தான் பார்க்க வேண்டும், மூக்குக்கும் வாய்க்கும் மாஸ்க், கையில் உறை. எலி மூத்திரத்தில் கைபட்டால் எலிக்காய்ச்சல் வரலாம், அதனால் உறையை மறக்க வேண்டாம். உள்ளே ஏறியே ஆகவேண்டும் என்றால் மர உத்தரத்தில் மட்டும் கால் வையுங்கள். பலகையில் மிதித்தால் நேராக ஹாலுக்கு வந்துவிடுவீர்கள். மரத்தில் மண் கோடுகள் ஓடியிருந்தால் கரையான். பலகையின் முதுகில் கறுத்த வட்டம் இருந்தால் தண்ணீர். கரையானோ தண்ணீரோ இருந்தால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள், வெடிப்பு காத்திருக்கட்டும்.

மேலே எல்லாம் நன்றாக இருக்கிறது, இணைப்பு மட்டும்தான் விட்டிருக்கிறது என்று தெரிந்தால் நீங்களே செய்யலாம், இரண்டு பேர் இருந்தால் போதும். தரையில் பழைய பிளாஸ்டிக் விரிப்பு, கண்ணாடி, மாஸ்க், ஆடாத ஏணி. மேசை மேல் பிளாஸ்டிக் நாற்காலி வைத்து ஏறுகிற வேலை வேண்டாம், எத்தனை இடுப்பு எலும்பு உடைந்ததை நான் பார்த்திருக்கிறேன். பழைய புட்டி, உரிகிற பெயிண்ட், கழன்ற டேப் எல்லாவற்றையும் ஸ்கிரேப்பரால் சுரண்டி எடுங்கள். வெடிப்பின் வாயைக் கத்தியால் ஒரு தீக்குச்சி படுக்கிற அளவுக்கு அகலமாக்குங்கள். அழகான கோட்டை ஏன் பெரிதாக்க வேண்டும் என்று மனசு சொல்லும், ஆனால் முடி போன்ற வெடிப்புக்குள் புட்டி இறங்காது, மேலோடு நின்றுவிடும். பிறகு வெடிப்பின் இரு பக்கமும், விளிம்பிலிருந்து ஒன்றரை சென்டிமீட்டர் தள்ளி, ஒரு சாண் இடைவெளியில், பின்னால் சட்டம் இருக்கிற இடமாகப் பார்த்துப் புது ஸ்குரூ போடுங்கள். தலை பலகைக்குள் ஒரு மயிரிழை இறங்கினால் போதும், மேலே உள்ள காகிதத்தைக் கிழித்துக்கொண்டு போனால் அந்த ஸ்குரூவுக்குப் பிடிப்பில்லை.

தூசியைத் தூரிகையால் தட்டி, ஈரத்துணியால் ஒரு தடவை துடைத்துவிட்டு டேப் ஒட்டுங்கள். கடையில் இரண்டு வகை இருக்கும். வலை மாதிரி இருக்கும் ஃபைபர் டேப் தானே ஒட்டும், அதற்குத் தண்ணீர் கலந்து இறுகுகிற தூள் வகைப் பூச்சுதான் சரி. காகித டேப் என்றால் டப்பாவில் கலந்தே வருகிற பூச்சு போதும், பூச்சை முதலில் தடவி அதன்மேல் டேப்பை அழுத்த வேண்டும். தூளைக் கலக்கும்போது தண்ணீரில் தூளைப் போடுங்கள், தூளில் தண்ணீரை ஊற்றாதீர்கள், கட்டி தட்டும். கெட்டித் தயிர் பதம். அரைமணியில் முடிகிற அளவுக்கு மட்டும் கலந்துகொள்ளுங்கள். இறுக ஆரம்பித்த பிறகு தண்ணீர் விட்டு இளக்கினால் அது காய்ந்தபின் விரலால் உதிர்கிற பொடியாகத்தான் நிற்கும்.

முதல் பூச்சு டேப்பின் கண்களுக்குள் போகும்படி அழுத்தி, இரண்டாவது ஒரு சாணுக்குக் கொஞ்சம் குறைவான அகலத்தில், மூன்றாவது ஓர் அடி அகலத்தில் ஓரங்களை மெல்லியதாக இழுத்து. ஒவ்வொன்றுக்கும் நடுவில் 24 மணி நேரம், மழை நாளென்றால் இரண்டு நாள். காயாத இடம் சாம்பல் நிறமாகத் தெரியும், முழுக்க வெளுத்த பிறகு அடுத்தது. கடைசியில் 150 எண் மணல்தாளால் லேசாகத் தேய்த்து, டார்ச்சைச் சீலிங்கோடு ஒட்டிப் பக்கவாட்டில் அடித்துப் பாருங்கள், மேடு பள்ளமெல்லாம் நிழலாகத் தெரிந்துவிடும். பெயிண்டுக்கு முன்னால் ஒரு கை சீலர், இல்லையென்றால் பூசிய இடம் பெயிண்டைக் குடித்துத் திட்டாக நிற்கும். பெயிண்டைச் சீலிங் முழுக்க அடியுங்கள். வெடித்த இடத்தில் மட்டும் அடித்தால் எங்கே வெடித்தது என்று வருகிற விருந்தாளிக்குக்கூடத் தெரியும்.

ஒன்று விட்டுவிட்டேன். சுவரும் சீலிங்கும் சேருகிற மூலையில் வெடிப்பு இருந்தால் அங்கே புட்டி வைக்காதீர்கள். அந்த இடம் எப்போதும் அசையும். பெயிண்ட் பிடிக்கிற அக்ரிலிக் சீலன்ட் குழாயை வாங்கி ஒரு கோடு இழுத்து ஈர விரலால் வழித்துவிடுங்கள். சிலிக்கான் வாங்கிவிடாதீர்கள், அதில் பெயிண்ட் ஒட்டாது.

கேள்வி: ஐயா, குளியலறைக்கு வெளியே சீலிங்கில் தேநீர் சிந்தினது போல் ஒரு பழுப்பு வட்டம், நடுவில் சிலந்தி வலை மாதிரி வெடிப்பு. தொட்டால் மெதுவாக இருக்கிறது. கூரை ஓடு ஒன்றும் உடையவில்லை என்று பையன் ஏறிப் பார்த்துச் சொல்கிறான். பூசலாமா? (ஓய்வுபெற்ற தோட்டத் தொழிலாளி)

பதில்: பூசாதீர்கள் ஐயா. அந்த இடத்துக்குக் கீழே யாரையும் படுக்கவும் விடாதீர்கள்.

நம் வீடுகளில் தண்ணீர்த் தொட்டி எங்கே இருக்கிறது? பெரும்பாலும் கூரைக்கடியில், சீலிங்குக்கு மேலே, குளியலறைப் பக்கமாக. ஓடு உடையாமல் நனைகிறது என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது அந்தத் தொட்டியை. மிதவை வால்வு தேய்ந்து தண்ணீர் நிற்காமல் வழியும், அந்த நேரம் பார்த்து உபரி நீர்க் குழாயை இலையோ குளவிக் கூடோ அடைத்திருக்கும். குழாய் இணைப்பில் சொட்டுச் சொட்டாக விடும். வீட்டில் ஏர்கண்டிஷன் இருந்தால் அதன் தண்ணீர்க் குழாயும் ஒரு சந்தேகம்.

எளிதாகக் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. இரவு படுக்கும்முன் எல்லாக் குழாயையும் மூடிவிட்டு மீட்டரின் எண்ணை எழுதிவையுங்கள், காலையில் யாரும் தண்ணீர் திறப்பதற்குமுன் மறுபடி பாருங்கள். எண் நகர்ந்திருந்தால் தண்ணீர் எங்கோ போய்க்கொண்டிருக்கிறது. நகரவில்லை, மழை பெய்த நாளில் மட்டும் வட்டம் பெரிதாகிறது என்றால் கூரையில்தான் கோளாறு. ஓடு முழுசாக இருந்தாலும் இரண்டு கூரைச் சரிவு சேருகிற வாய்க்காலில் இலை அடைத்திருக்கலாம், தகரக் கூரை என்றால் ஆணித்தலையின் ரப்பர் வளையம் மக்கியிருக்கலாம்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், 100 காலன் தொட்டியில் தண்ணீர் மட்டும் சுமார் 454 கிலோ. ஆறேழு பெரியவர்கள் ஏறி நிற்கிற பாரம் அது. அந்தப் பாரத்தைத் தாங்குகிற மரம் நனைந்து மக்கினால் அடுத்து இறங்குவது தொட்டியாகவும் இருக்கலாம். நான் வேலை கற்றுக்கொண்ட காலத்தில் என் அம்மா வீட்டில் இதே மாதிரி ஒரு வட்டம். அவசரம், வீட்டில் விசேஷம், மேலே பார்க்காமல் நானே பூசி வெள்ளை அடித்தேன். மூன்றாவது வாரம் நள்ளிரவில் அந்தத் துண்டு அப்படியே தையல் மிஷின் மேல் விழுந்தது. பகலென்றால் அம்மா அங்கேதான் உட்கார்ந்திருப்பார். அன்றிலிருந்து மேலே ஏறிப் பார்க்காமல் எந்த வீட்டிலும் நான் கரண்டியைக் கையில் எடுத்ததில்லை.

உங்கள் சீலிங் மெதுவாக இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். ஜிப்சம் ஒருமுறை நன்றாக ஊறி உப்பிவிட்டால் காய்ந்தாலும் பழைய பலம் வராது. கசிவை நிறுத்தி, இரண்டு வாரமாவது காயவிட்டு, மெதுவாகிப்போன பகுதியைச் சட்டம் இருக்கிற இடம்வரை சதுரமாக வெட்டி எடுத்துப் புதுத் துண்டு பொருத்துவதுதான் சரி. சுற்றிலும் உறுதியாக இருந்து கறை மட்டும் மிஞ்சினால், கறையை மறைக்கிற எண்ணெய் வகை அடிப்பூச்சு ஒரு கை அடித்துவிட்டு அதன்மேல் பெயிண்ட் அடியுங்கள். சாதாரணத் தண்ணீர் பெயிண்டை நேராக அடித்தால் பழுப்பு ஊறி வெளியே வந்துவிடும்.

கேள்வி: அண்ணே, எங்கள் வீடு 1980 வாக்கில் கட்டிய மலிவு விலை வீடு, தோட்டத்தை விட்டு வந்தபோது அப்பா வாங்கியது. சீலிங் சாம்பல் நிறச் சிமெண்டுத் தகடு, இணைப்புகளில் மரப்பட்டி ஆணி அடித்திருக்கிறது. நாலைந்து இடத்தில் கீறல். தம்பி கரண்டில் ஓடுகிற தேய்ப்பு மிஷின் வாங்கியிருக்கிறான், முழுசாகத் தேய்த்துப் புதுப்பிக்கலாம் என்கிறான். (வாசகர், சுங்கை சிப்புட்)

பதில்: அந்த மிஷினைப் பெட்டியிலேயே வைக்கச் சொல்லுங்கள். இந்தப் பதிலைத் தம்பியையும் உட்காரவைத்து வாசித்துக் காட்டுங்கள்.

அந்தக் காலத்துச் சிமெண்டுத் தகடுகளில் ஆஸ்பெஸ்டாஸ் நார் கலப்பது சாதாரணமாக இருந்தது. கண்ணால் பார்த்து இருக்கிறது, இல்லை என்று யாராலும் சொல்ல முடியாது, பரிசோதனைக்கூடத்தில்தான் தெரியும். அதனால் உங்கள் வயதுள்ள வீட்டில், ஆணி அடித்த சாம்பல் தகடென்றால், இருக்கிறது என்றே வைத்துக்கொண்டு நடந்துகொள்ளுங்கள். ஆஸ்பெஸ்டாஸின் எல்லா வகைகளும் புற்றுநோய் உண்டாக்குபவை என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. நம் நாட்டிலும் அந்த நாரை வைத்து வேலை செய்கிற இடங்களுக்கு 1986-லேயே தனி விதிகள் வந்துவிட்டன. கண்ணுக்குத் தெரியாத நார் நுரையீரலுக்குள் போய்த் தங்கிவிடும், நோய் வெளியே தெரிய 20 முதல் 40 வருடம்கூட ஆகலாம். இன்று தேய்க்கிற தம்பிக்கு இருமல்கூட வராது. அதனால்தான் ஆட்கள் பயப்படுவதில்லை, அதுதான் எனக்குக் கவலை. நானே இளவயதில் லயன் வீடுகளில் இந்தத் தகடுகளை ரம்பத்தால் அறுத்திருக்கிறேன், வாயில் துணிகூடக் கட்டவில்லை, யாரும் சொல்லித் தரவில்லை.

அதற்காக இன்றே வீட்டைக் காலி செய்ய வேண்டாம். உடையாமல், பெயிண்டுக்குள் மூடிக் கிடக்கிற தகடு தூசி விடுவதில்லை. ஆபத்து அதைத் தேய்க்கும்போதும் துளைக்கும்போதும் உடைக்கும்போதும்தான். ஆகவே செய்ய வேண்டியது இவ்வளவே. கீறலைச் சுற்றித் தண்ணீரில் இரண்டு சொட்டுப் பாத்திரச் சோப்பு கலந்து தெளித்து, ஈரத்துணியால் மெதுவாகத் துடையுங்கள், அந்தத் துணியைத் துவைக்காமல் பிளாஸ்டிக் பையில் கட்டிவிடுங்கள். காய்ந்ததும் கீறலில் அக்ரிலிக் சீலன்ட். நீளமான கீறலானால் அதன்மேல் மெல்லிய மரப்பட்டியையோ பிளாஸ்டிக் பட்டியையோ பசை வைத்து ஒட்டுங்கள், ஆணி வேண்டாம், டிரில் வேண்டவே வேண்டாம். அப்புறம் சுரண்டாமல் தேய்க்காமல் உருளையால் இரண்டு கை பெயிண்ட். அவ்வளவுதான்.

ஒரு துண்டு உடைந்து விழுந்துவிட்டால் ஃபேனை அணைத்து, பிள்ளைகளை வெளியே அனுப்பி, துண்டின்மேல் தண்ணீர் தெளித்து நனைத்துவிட்டு எடுங்கள். விளக்குமாறு போடாதீர்கள், வீட்டு வேக்குவமும் வேண்டாம், இரண்டும் நாரைக் காற்றில் கிளப்பிவிடும். ஈரத்துணியால் துடைத்து இரட்டைப் பையில் கட்டுங்கள். சீலிங் முழுவதையும் கழற்றுவதென்றால் அதற்கு முறைப்படி பழகிய ஆட்கள் வேண்டும். அந்தக் கழிவு 2005-ஆம் ஆண்டு விதிகளின்படி பட்டியலிட்ட கழிவு, அதைக் குப்பைத் தொட்டியிலோ செம்பனைக் காட்டு ஓரத்திலோ கொட்டக்கூடாது. எங்கே கொடுப்பது என்று சுற்றுச்சூழல் துறை அலுவலகத்தில் கேளுங்கள். கொட்டிய தகடுகள்மேல் பிள்ளைகள் ஏறி மிதித்து விளையாடுவதை நம் தாமான்களுக்குப் பின்னால் இன்றும் பார்க்கிறேன், மனசு பதறுகிறது.

கேள்வி: வெள்ளைச் சிமெண்டு வீட்டில் மிச்சம் கிடக்கிறது. பிளாஸ்டர் சீலிங் வெடிப்புக்கு அதையே வைக்கலாமா?

பதில்: வேண்டாம். மலாய்க்காரர்கள் இதைக் கப்பூர் சீலிங் என்பார்கள், நம் ஆட்களும் சுண்ணாம்பு சீலிங் என்கிறார்கள், ஆனால் உள்ளே இருப்பது சுண்ணாம்பும் இல்லை சிமெண்டும் இல்லை, ஜிப்சம். அந்தக் கல்லைச் சுமார் 150 டிகிரியில் வறுத்து, அதில் கட்டுண்டிருக்கிற நீரில் முக்கால் பங்கைப் போக்கினால் பிளாஸ்டர் தூள். தண்ணீர் விட்டதும் இழந்த நீரைத் திரும்ப எடுத்துக்கொண்டு கல்லாக இறுகும், இறுகும்போது மிகக் கொஞ்சம் விரிந்து வெடிப்பின் இரு கரையையும் பிடித்துக்கொள்ளும். சிமெண்டு காயும்போது சுருங்கும், ஜிப்சத்தோடு ஒட்டியும் நிற்காது. ஜிப்சம் பூச்சே வாங்குங்கள், சின்னப் பை போதும். வெள்ளைச் சிமெண்டு குளியலறைத் தரை ஓட்டு இடுக்குக்கு ஆகும்.

கேள்வி: மகள் படுக்கை அறையில் ஃபேனைச் சுற்றிச் சூரியன் வரைந்த மாதிரி வெடிப்பு. ஃபேனும் கொஞ்சம் ஆடுகிறது. (தாய்)

பதில்: இன்று இரவே அந்த ஃபேனை நிறுத்திவிடுங்கள் அக்கா, மேசை ஃபேன் வைத்துச் சமாளியுங்கள். ஃபேன் எதில் தொங்குகிறது என்பதுதான் கேள்வி. கொக்கி மேலே கான்கிரீட்டிலோ கனமான உத்தரத்திலோ இருக்க வேண்டும், சீலிங் பலகை அதற்கு வெறும் மூடி. சில அவசர வேலைக்காரர்கள் பலகையிலோ, பலகையைத் தாங்குகிற மெல்லிய சட்டத்திலோ மாட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள். சூரியன் மாதிரி வெடிப்பு அப்படிப்பட்ட இடத்தில்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். தகுதியுள்ள எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு மூடியைக் கழற்றிக் கொக்கியைப் பார்க்கச் சொல்லுங்கள், இறக்கை வளைந்திருந்தாலும் ஆடும், அதையும் பார்க்கட்டும். ஃபேன் ஆடாமல் ஒரு மாதம் ஓடிய பிறகு வெடிப்பைப் பூசிக்கொள்ளலாம்.

கேள்வி: மகள் ஈப்போவில் ஃபிளாட்டில் இருக்கிறாள். மேல்வீட்டுக் கழிவறைத் தண்ணீர் இவள் சீலிங்கில் இறங்குகிறது. கான்கிரீட்டில் வெடிப்பு, துரு நிறம் வழிகிறது, சின்னச் சின்னத் துண்டாக விழுகிறது. மேல்வீட்டுக்காரர் கதவையே திறப்பதில்லை. (தந்தை, சுங்கை சிப்புட்)

பதில்: சண்டை போட வேண்டாம் ஐயா, எழுத்தில் கொடுக்கச் சொல்லுங்கள். 2013-ஆம் ஆண்டு அடுக்குமாடி நிர்வாகச் சட்டமும் அதன்கீழ் 2015-இல் வந்த விதிமுறைகளும் இதற்கென்றே வழி வைத்திருக்கின்றன. மாடிகளுக்கு நடுவில் கசிவு என்று எழுத்துமூலம் தெரிவித்தால் நிர்வாகக் குழு 7 நாளுக்குள் வந்து பார்க்க வேண்டும். வேறு காரணம் நிரூபிக்கப்படாதவரை கோளாறு மேல்வீட்டில் என்றுதான் விதி எடுத்துக்கொள்கிறது, ஆகவே நிரூபிக்கிற சுமை உங்கள் மகள் தலையில் இல்லை. கடிதத்தின் பிரதியில் அலுவலக முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளட்டும், வெடிப்பைத் தேதி தெரிகிற மாதிரிப் படம் எடுத்து வைக்கட்டும். நிர்வாகம் அசையவில்லை என்றால் அடுக்குமாடி நிர்வாகத் தீர்ப்பாயம் இருக்கிறது.

துரு நிறம் வருகிறது என்றால் கான்கிரீட்டுக்குள் இருக்கிற இரும்புக்கம்பி துருப்பிடித்து ஊதி, மேலே உள்ளதைத் தள்ளுகிறது. அதன்மேல் புட்டி வைப்பது புண்ணுக்கு மேல் பவுடர் போடுகிற மாதிரி. கசிவு நின்றபிறகு தளர்ந்த கான்கிரீட்டைத் தட்டி எடுத்து, கம்பியின் துருவை நீக்கிக் காப்புப் பூச்சு அடித்து, அதற்குரிய கலவையால் நிரப்ப வேண்டும். இது தெரிந்த ஆள் செய்கிற வேலை. அதுவரை கட்டிலை அந்த இடத்திலிருந்து நகர்த்தச் சொல்லுங்கள்.

கேள்வி: புதுத் தாமானில் சாவி வாங்கி 14 மாதம். மூன்று அறையிலும் சீலிங் வெடிப்பு. மேம்பாட்டாளரின் ஆள் வந்து இதெல்லாம் முடி வெடிப்பு, சகஜம், நீங்களே புட்டி வைத்துக்கொள்ளுங்கள் என்கிறார்.

பதில்: வைக்காதீர்கள். நீங்கள் கைவைத்துவிட்டால் பிறகு யார் செய்த கோளாறு என்ற பேச்சு வரும். சாவி வாங்கிய நாளிலிருந்து 24 மாதம் வீட்டுக் குறைகளைத் தன் செலவில் சரிசெய்து தருவது மேம்பாட்டாளரின் கடமை, உங்கள் வாங்கல் ஒப்பந்தத்திலேயே இருக்கும், எடுத்துப் படியுங்கள். உங்களுக்கு இன்னும் 10 மாதம் இருக்கிறது. ஒவ்வொரு வெடிப்பையும் பென்சிலால் குறித்து, பக்கத்தில் தேதி போட்டு, படம் எடுத்து, கடிதமாகக் கொடுங்கள். வாயால் சொன்னது கணக்கில் வராது. எழுத்தில் கொடுத்த நாளிலிருந்து 30 நாளுக்குள் அவர்கள் சரிசெய்ய வேண்டும். செய்யாவிட்டால் வீடு வாங்குவோர் தீர்ப்பாயத்தில் 10 வெள்ளி கட்டி மனு போடலாம், வக்கீல் வேண்டாம், 24 மாதம் முடிந்த பிறகும் ஒரு வருடம்வரை போட முடியும். உங்கள் தெருவில் மற்ற வீடுகளிலும் இருந்தால் எல்லோரும் கொடுங்கள். நம் ஆட்கள் கூச்சப்பட்டு ஒதுங்கிவிடுகிறோம், இருபது வருடம் பால்மரம் வெட்டிச் சேர்த்த பணத்தில் வாங்கிய வீடு, கேட்பதில் ஒரு கூச்சமும் வேண்டாம்.

கேள்வி: அண்ணே, கணவர் இல்லை, நானும் பத்தொன்பது வயது மகனும்தான். ஆள் வைக்கப் பணம் இல்லை. ஹாலில் பிளாஸ்டர் வெடிப்பு, கசிவு இல்லை, மகன் மேலே பார்த்துவிட்டான். தீபாவளிக்குள் நாங்களே முடிக்க முடியுமா?

பதில்: முடியும் தங்கச்சி, மகன் மேலே பார்த்துவிட்டதே பாதி வேலை. முதல் கேள்விக்குச் சொன்ன முறையிலேயே செய்யுங்கள். இந்த வாரக் கடைசியில் சுரண்டி, ஸ்குரூ போட்டு, டேப் ஒட்டி முதல் பூச்சு. நடுவாரத்தில் ஒருநாள் சாயங்காலம் இரண்டாவது. அடுத்த சனிக்கிழமை மூன்றாவது. அதற்கடுத்த வாரம் தேய்த்துச் சீலர் அடித்தால் பெயிண்டுக்கு இன்னும் தாராளமாக நாள் இருக்கும். நம் பக்கம் அக்டோபர், நவம்பரில்தான் சாயங்கால மழை அதிகம், அதனால் காலையில் பூசுங்கள், சன்னலைத் திறந்து வையுங்கள், மழை வந்ததும் மூடிவிட்டு மேசை ஃபேனைச் சீலிங் பக்கம் திருப்பிவிடுங்கள். ஏணியில் மகன் நிற்கும்போது நீங்கள் பிடித்துக்கொண்டு நில்லுங்கள், இடையில் அடுப்பைப் பார்க்க ஓடாதீர்கள். கடையில் கரண்டி, ஸ்கிரேப்பர் வாங்கும்முன் அக்கம்பக்கத்தில் கேட்டுப் பாருங்கள், சீலிங் வேலை செய்தவர் ஒருவர் எந்தத் தாமானிலும் இருப்பார், கடனாகக் கொடுப்பார்.

மழை விடாமல் பெய்து பூச்சு வெளுக்கவே இல்லை என்றால் அதன்மேல் பெயிண்ட் அடிக்க வேண்டாம். தீபாவளிக்குச் சுவரை மட்டும் அடித்துவிட்டுச் சீலிங்கை அப்படியே விடுங்கள், மழை ஓய்ந்து தை மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அடித்துக்கொள்ளலாம்.